எட்டாவது இட்லி

சந்திரம்மா வீட்டு இட்லித் தட்டில் ஏழு குழி. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. அந்த ஒரு தட்டுதான் அவளிடம் இருந்தது. ஓர் ஈடு எடுத்தால் ஏழு இட்லி. மறுபடி மாவை ஊற்றிக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் இன்னோர் ஏழு. கதையை இட்லித் தட்டிலிருந்தா தொடங்குவது என்று கேட்டால், வேறு வழியில்லை. அந்த மனுஷிக்கு வாழ்நாள் முழுக்க மனசில் கிடந்து அறுத்த விஷயம் அந்த ஏழுக்கும் அடுத்த எட்டுக்கும் நடுவில்தான் நடந்தது.

செய்யூர்ப் பக்கம் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் ஊரான் நிலத்தில் நாற்று நட்டும் கடலை பிடுங்கியும் காலத்தை ஓட்டியவர்கள். ஒரே வருஷத்தில் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபோது சந்திரம்மாவுக்கு ஆறு வயசு, அண்ணன் கருப்பனுக்குப் பதினாறு. அந்தப் பதினாறு வயசுப் பையன் தங்கையை யார் வீட்டிலும் விட்டுவிடவில்லை. சவுக்குத் தோப்பில் மரம் வெட்டப் போகும்போது கூடவே கூட்டிக்கொண்டு போவான், நிழலில் உட்கார வைப்பான், கூலிச் சோற்றில் பாதிக்கு மேல் அவளுக்குத்தான். அவளைக் கட்டிக்கொடுத்த பிறகே தனக்கென்று ஒரு பெண்ணைப் பார்த்தான். அண்ணன் என்று சொன்னாலே சந்திரம்மாவுக்குக் குரல் மாறிவிடும்.

அவளைக் கட்டிய ராமதாஸ் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டத் தொடங்கியபோது சித்தாள் வேலைக்குப் போனவன். ஆள் நிதானம், வம்பு தும்பு கிடையாது. எழுபத்து மூன்றில் அவனை ஹெல்பராக நிரந்தரம் செய்து, டவுன்ஷிப்பில் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். குழாயைத் திருகினால் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம். சந்திரம்மா முதல் ஒரு வாரம் சும்மாவே சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தாளாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் இட்லியைக் கண்ட வீட்டுப் பெண், இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் மாவு அரைக்க ஆரம்பித்தாள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது, இருக்கட்டுமே.

ஒரே பெண் குழந்தை, வரலட்சுமி. எழுபத்தைந்து ஜூனில் அவளை டவுன்ஷிப்புப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அங்கே சும்மா பெயர் எழுதிக்கொள்ள மாட்டார்களாம். பிள்ளையை உட்கார வைத்து, முன்னால் பத்துச் சாமானை வைத்து எண்ணச் சொல்வார்களாம். சந்திரம்மா கைநாட்டு. ராமதாஸ் எழுத்துக்கூட்டிப் படிப்பான், அதுவும் கண்ணை இடுக்கிக்கொண்டு. அவர்கள் இரண்டு குடும்பத்திலும் மேஜை போட்ட பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைக்கப் போகிற முதல் பிள்ளை வரலட்சுமிதான். ஆகவே பிப்ரவரியிலிருந்தே சந்திரம்மாவுக்கு இதே கவலை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் மார்கரெட். சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிற டீச்சர். ஒரு சாயங்காலம் சந்திரம்மா மகளை இழுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"டீச்சரக்கா, எங்க லச்சுமி இருவது வரிக்கும் மடமடன்னு சொல்லுது. கேளேன்."

வரலட்சுமி மூச்சு விடாமல் ஒப்பித்தாள். மார்கரெட் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஆறு புளியங்கொட்டையை எடுத்து வந்து தரையில் வரிசையாக வைத்தாள். "இதை எண்ணு பாப்போம், கண்ணு."

பிள்ளையின் வாய் ஒரு பக்கம் ஓட, விரல் இன்னொரு பக்கம் ஓட, கடைசிக் கொட்டையைத் தொடும்போது கணக்கு பதினொன்றில் நின்றது. சந்திரம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இதுக்குப் போய் ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க?" என்றாள் மார்கரெட். "எல்லாப் பிள்ளையும் இப்படித்தான். அவ இப்ப பாட்டுப் பாடுறா, அவ்வளவுதான். எண்ணலை. ஒரு பேருக்கு ஒரு சாமான், ஒரு சாமானுக்கு ஒரு தொடல். அது கைக்குப் பழகணும். வீட்டுல கிடைக்கிறதை வச்சுப் பழக்குங்க. கொட்டை, குச்சி, வெங்காயம், எதுவா இருந்தா என்ன?"

சந்திரம்மா விடுகிற ஆள் இல்லை. மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். புளியங்கொட்டையை வைத்தாள், பிள்ளை ஒன்றை மூக்கில் போட்டுக்கொண்டது, அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. துடைப்பக் குச்சியை வைத்தாள். அதை வைத்துப் பூனையைத் துரத்தியது. வெங்காயத்தை வைத்தால் உரித்துக் கண்ணைக் கசக்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டிலிருந்து துணியோடு கவிழ்த்த இட்லிகள் ஆவி பறக்கக் கிடந்தன. பிள்ளை தானாகவே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தொட்டு, சுட்டுக்கொண்டு விரலை ஊதி, அடுத்ததைத் தொட்டது. ஒண்ணு. ரெண்டு. மூணு. ஏழு வரைக்கும் ஒரு பிசகு இல்லை. சந்திரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இட்லிதான் பாடம். மற்ற நாளில் மீந்த மாவில் ஊற்றிய நாலைந்து குட்டி தோசை. ஆனால் ஒரு சிக்கல் வந்தது. ஏழு வரை வந்த பிள்ளை அதற்கு மேல் ஒன்றை வைத்தால் "ஒம்பது" என்றது. எத்தனை முறை திருத்தினாலும் ஏழுக்கு அப்புறம் ஒன்பதுதான். மார்கரெட்டிடம் போய்ச் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க தட்டு பண்ற வேலை இது! ஏழோட தீந்துடுதுல்ல? எட்டு அவ விரலுக்குக் கீழ வந்ததே இல்லை. எட்டு வர்ற மாதிரி ஏதாவது பண்ணுங்க, தானா வரும்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். செய்யூர்ப் பக்கத்து வீடுகளில் சாப்பிடுகிறவரின் சாப்பாட்டை யாரும் எண்ண மாட்டார்கள். பரிமாறுகிறவள் "இன்னொண்ணு" என்று மட்டுமே சொல்வாள், பத்தாவதும் இன்னொண்ணுதான். எத்தனை சாப்பிட்டாய் என்று கேட்பதும் கிடையாது. கண் படும் என்பது ஒரு பக்கம், எண்ணிப் போட்ட சோறு உடம்பில் ஒட்டாது என்பது இன்னொரு பக்கம். சந்திரம்மாவுக்கு இது தெரியாதா என்ன? தாய்ப்பாலோடு குடித்த விஷயம். ஆனால் தன் பிள்ளை, தன் இட்லி, எண்ணுவது பிள்ளையே, இதில் யார் கண் படப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். பாடம் ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம் என்று பெரியவளுக்குப் புரியும். ஐந்து வயசுப் பிள்ளைக்குப் புரியுமா என்று அவள் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். செய்யூர்ப் பக்கம் கடலை விதைத்தவர்களுக்கு விதையே திரும்பவில்லை. கிணறுகளில் வாளி தரையில் முட்டியது. கூலி வேலை என்று ஒன்று இல்லவே இல்லை. இதெல்லாம் டவுன்ஷிப்பில் குழாயடியில் பேச்சாக வந்து பேச்சாகப் போகும். சந்திரம்மாவும் உச்சுக் கொட்டியிருக்கிறாள். அவ்வளவுதான், அதற்கு மேல் அதை அவள் தன் அண்ணன் வீட்டு அடுப்போடு சேர்த்துப் பார்க்கவில்லை.

ஏப்ரல் மாசம் ஒரு ஞாயிறு, பத்து மணி இருக்கும். கருப்பன் வந்து வாசலில் நின்றான். பஸ் என்றால் செங்கல்பட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஆகவே அவன் எப்போதும் நடைதான். பாலாற்றில் தண்ணீர் இல்லாத காலத்தில் மணலில் இறங்கி வயலூரில் ஏறினால் நாலு மணி நேர நடை. முழங்கால் வரை புழுதி. கையில் ஒரு கட்டு முருங்கைக் கீரை. தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

"வாண்ணா, வாண்ணா! இன்னாண்ணா இப்பிடி எளச்சிப் பூட்ட?" என்று கேட்டுக்கொண்டே தட்டை வைத்தாள். "வெயிலுமா" என்று அவன் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள்.

முதல் ஈடு அப்போதுதான் இறங்கியிருந்தது. ராமதாஸும் பிள்ளையும் இன்னும் சாப்பிடவில்லை. அவர்களுக்கு அடுத்த ஈடு என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக அண்ணனுக்கே வைத்தாள். கருப்பன் பேசாமல் சாப்பிட்டான். தலை நிமிரவில்லை. இட்லி தட்டில் விழுந்த சுவடு தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. எதிரே வரலட்சுமி உட்கார்ந்து மாமன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரம்மா அடுப்புப் பக்கம் திரும்பியிருந்ததால் பிள்ளையின் விரல் தன் முழங்காலில் ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டுத் தட்டியதை அவள் பார்க்கவில்லை.

இரண்டாம் ஈடு வெந்தது. கவிழ்த்தாள். முதல் இட்லியைக் கரண்டியால் எடுத்து அண்ணன் தட்டில் வைத்தாள். அவன் பிய்த்து வாயில் போட்டான்.

"எட்டு!" என்றாள் வரலட்சுமி.

கணீர் என்று, குரலில் சந்தேகமே இல்லாமல். இரண்டு மாசமாக வராத எட்டு. தானாக வந்த எட்டு!

சந்திரம்மா கரண்டியைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டினாள். "அப்பிடிப் போடு என் ராசாத்தி! எட்டு வந்துச்சு பாருய்யா, இந்தாய்யா, கேட்டியா? எட்டு சொல்ட்டா!" என்று வெளியே இருந்த புருஷனைக் கூப்பிட்டுக் கத்தினாள். பிள்ளையை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். அந்த ஒரு நிமிஷம் அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பதை நினைத்தால்தான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

திரும்பிப் பார்த்தபோது கருப்பனின் கை தட்டிலேயே நின்றிருந்தது. எட்டாவது இட்லியில் பாதி அப்படியே இருந்தது. அவன் அதைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். தங்கையை மட்டும் பார்க்கவில்லை.

"போதும்மா. வவுறு ரொம்பிடுச்சு."

"ஐயோ, இன்னாண்ணா, பாதியில… இன்னொண்ணு வெக்கிறேன், குந்துண்ணா!"

"போதும்மா" என்று மறுபடி சொல்லி எழுந்து, குழாயில் கையைக் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "வெயில் ஏறிடும்" என்றான். போய்விட்டான்.

சந்திரம்மாவுக்கு எல்லாம் புரிய அவ்வளவு நேரம் பிடித்தது. புரிந்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திரும்பினாள், பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "துன்றவங்கள எண்ணுவியாடி? எண்ணுவியா? மாமன் துன்றத எண்ண எவடி உனக்கு சொல்லிக் குடுத்தா?"

வேறு யார் சொல்லிக்கொடுத்தது? ஆனால் அதை அவளிடம் யார் சொல்வது. பிள்ளை அழக்கூட இல்லை. இப்போதுதான் முத்தம் கொடுத்த அம்மா ஏன் அடிக்கிறாள் என்று விழித்தது.

ராமதாஸ் உள்ளே வந்தான். "பிள்ளைய ஏன்டி போட்டு அடிக்கிற? பின்னாடியே ஓடு. வயலூர் தாண்டியிருக்க மாட்டாரு. கையப் புடிச்சு இட்டுகினு வா."

"நான் போவ மாட்டேன்."

"போடின்னா!"

"அவுரு என்னை அப்பிடி நெனச்சுட்டாருல்ல? நான் கணக்கு வெச்சு சோறு போட்றவளா? அவுரு வளத்த பொண்ணுதான நானு? என்னைப் போய் அப்பிடி நெனக்கலாமா? போவட்டும்."

அவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். தனக்காகத்தான் அழுதாள். அண்ணனுக்காக அந்த அழுகையில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

இட்லிப் பாடம் அன்றோடு நின்றது. ஜூன் மாசம் பள்ளிக்கூடத்தில் வரலட்சுமியின் முன்னால் மரக்கட்டைகளை வைத்தார்கள். எண்ணச் சொன்னார்கள். பிள்ளை கட்டையைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற அம்மாவின் முகத்தையே பார்த்தது. வாயைத் திறக்கவே இல்லை. எண்ணச் சொன்ன டீச்சர் வேறொருத்தி, நல்ல மாதிரி, இரண்டு மூன்று தடவை கொஞ்சிக் கேட்டுப் பார்த்துவிட்டு, "பயப்படுறா பாவம். அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்கம்மா" என்றாள். ஒரு வருஷம் போயிற்று. அடுத்த வருஷம் சேர்ந்தாள்தான், ஆனால் கணக்கு என்றால் பாவாடைக்குள் கையை மறைத்து வைத்துக்கொண்டு விரல் விடுவாள். சத்தமாக ஒரு எண் அவள் வாயிலிருந்து வராது. மார்கரெட் ஒரு நாள் தாங்காமல் கேட்டே விட்டாள்: "நல்லா வந்துட்டிருந்த பிள்ளையை என்ன பண்ணித் தொலைச்சீங்க சந்திரம்மா?"

கருப்பன் வராமல் இல்லை. வராமல் இருந்திருந்தால் அவளும் ஒரு நாள் செய்யூருக்குப் போய் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள், தீர்ந்திருக்கும். அவன் வந்தான். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை, எப்போதும் போல. கையில் கீரையோ பூசணிப் பிஞ்சோ ஏதோ ஒன்று. வந்து உட்காருவான், பிள்ளையின் தலையைத் தடவுவான், மச்சானோடு வேலையைப் பற்றிப் பேசுவான். சாப்பாடு என்று வாயெடுத்தால் மட்டும், "சாப்ட்டுதாம்மா வந்தேன்" என்பான்.

நாலு மணி நேரம் நடந்து வருகிறவன் எங்கே சாப்பிட்டான், எப்போது சாப்பிட்டான்? கடப்பாக்கத்து இறாலை வாங்கித் தொக்கு வைத்துப் பார்த்தாள். பணியாரம் சுட்டுப் பார்த்தாள். ஒரு தடவை அவன் வருவது தெரிந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து பெரிய வாழை இலையாகக் கேட்டு வாங்கி, சோற்றை எண்ணவே முடியாதபடி குவித்து வைத்தாள். அவன் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு எழுந்துகொண்டான். நீர்மோர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

"புள்ளைங்கோ நல்லா கீதாண்ணா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "நல்லா கீதும்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான். நல்லா இருக்கிறார்களா என்று கேட்டால் எந்தத் தகப்பன்தான் இல்லை என்பான்? அதோடு விட்டுவிடுவாள். அவள் மனசு முழுக்க ஒரே ஒரு கேள்விதான்: நான் எண்ணச் சொல்லவில்லை என்று இவரிடம் எப்படிச் சொல்வது? இராப்பகலாக வார்த்தைகளைக் கோத்துக் கோத்து வைத்துக்கொள்வாள், அவன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் உதிர்ந்துவிடும். "நீயாவது சொல்லேன்யா" என்று புருஷனை நச்சரித்தாள். "உன் அண்ணன், உன் வாய்" என்று அவன் ஒதுங்கிவிட்டான். செய்யூருக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று தோன்றும். அங்கே போனால் அண்ணி சோறு போடுவாள், எந்த முகத்தோடு சாப்பிடுவது என்று தள்ளிப்போடுவாள். இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

எழுபத்தெட்டில் ஒரு ஞாயிறு. முந்தின வருஷம் மழை கொட்டித் தீர்த்திருந்தது. கருப்பன் ஒரு துணிப்பை நிறையப் பச்சைக் கடலையோடு வந்தான். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. "நம்ம குத்தகைக் கொல்லையில வெளஞ்சுதும்மா" என்று பையைக் கொடுத்தான். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. சந்திரம்மா வழக்கம்போலக் கேட்டாள், அவன் வழக்கம்போலச் சொன்னான். "சாப்ட்டுதாம்மா வந்தேன்."

வரலட்சுமிக்கு இப்போது எட்டு வயசு. சுவரோரம் நின்றுகொண்டிருந்தவள் முன்னால் வந்தாள்.

"மாமா, நான் எண்ணுனேனே, அதனாலதான நீ எங்க வூட்ல சாப்புட மாட்ற?"

சந்திரம்மாவின் கையிலிருந்த மூடி தரையில் விழுந்து உருண்டது. மூன்று வருஷமாக அந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. இரண்டு பெரியவர்கள் வாயைத் திறக்கப் பயந்த விஷயத்தை அது கேட்டுவிட்டது.

கருப்பன் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"யாரு சொன்னது உனக்கு? நீ சரியாத்தான் எண்ணுன, கண்ணு. எத்தினி துன்னேன்னு அது வரிக்கும் எனக்கே தெரியாது. ராத்திரியும் வவுத்துல ஒண்ணும் இல்ல, காத்தாலயும் இல்ல. கண்ணு மண்ணு தெரியாம துன்னுகினு இருந்தேன். நீ எட்டுன்னு சொன்ன பாரு, அப்பதான் உறைச்சுது. நான் கெளம்பறப்ப வூட்ல ஒரு சொம்பு கூழு இருந்துச்சு. அத மூணு புள்ளைங்களும் பங்கு போட்டுகினு இருந்துதுங்கோ. பெத்தவன் இங்க வந்து குந்திகினு எட்டு இட்லி துன்றானேன்னு ஆயிடுச்சு. அப்பறம் இந்த வூட்ல கைய நனைக்க மனசு வர்ல. உம்மேல இன்னா கீது?"

"அப்ப எம்மேல…" என்று இழுத்தாள் சந்திரம்மா. "எம்மேல கோவம் இல்லியாண்ணா?"

"உம்மேல இன்னாத்துக்கும்மா கோவம்?" நிஜமாகவே புரியாமல் கேட்டான். "நீ எனக்கே மொத்தத்தயும் போட்டுட்டு உம் புருசன பட்டினியா ஒக்கார வெச்சிருந்த. அதயும் பாத்துகினுதான இருந்தேன்."

மூன்று வருஷம்! அண்ணன் தன்னைத் தப்பாக நினைத்துவிட்டான், தன் மானம் போய்விட்டது, தன் கையால் போட்ட சோற்றுக்குக் களங்கம் வந்துவிட்டது என்று மூன்று வருஷம் தன்னையே நினைத்து உருகியிருக்கிறாள். அவன் அவளை நினைக்கவே இல்லை. பசியில் இருந்த பிள்ளைகளை நினைத்திருக்கிறான். அந்தப் பிள்ளைகளை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவளும் நினைத்திருக்கலாம். சந்திரம்மாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"போடும்மா" என்றான் கருப்பன். "இப்பதான் வூட்ல அடுப்பு எரியுதே. இன்னிக்கு துன்றேன். புள்ளையும் கேட்டுடுச்சு."

தட்டை வைத்தாள். இட்லியை வைத்தாள். மூன்று வருஷமாக எதற்குத் தவம் கிடந்தாளோ அது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. அவன் பிய்த்துச் சாப்பிட்டான், வரலட்சுமிக்கும் ஒரு வாய் ஊட்டினான். சந்திரம்மாவால் பார்க்க முடியவில்லை.

"புள்ளைங்கோ இப்ப சாப்புடுதாண்ணா?"

கேட்டுவிட்டாள். கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய காலம் போன பிறகு.

"சாப்புடுதும்மா. சின்னது ரெண்டும் வூட்ல சாப்புடுது." கையிலிருந்த துண்டு இட்லியைத் தட்டில் வைத்தான். "அஞ்சலைதான் வூட்ல இல்ல."

அஞ்சலை அவன் மூத்த மகள். சந்திரம்மா கல்யாணமாகி வரும்வரை இடுப்பிலேயே தூக்கி வைத்திருந்த பிள்ளை… இல்லை, கணக்குத் தப்பு. அவள் பிறந்தது அதற்கப்புறம். அண்ணியின் முதல் பிரசவத்துக்குப் போய் இருந்து, தொப்புள்கொடி விழுகிற வரை கையில் வைத்திருந்த பிள்ளை.

"எங்கண்ணா கீறா?"

"செங்கல்பட்டுல, ஒரு வக்கீல் வூட்ல வேலைக்கு. அந்த வெயில்லயே கொண்டுபோய் வுட்டேன். மூணு வேளை சோறு போட்றேன்னாங்க. போன மழைக்கு அப்பறம் கூட்டியாரப் போனேன். வரலன்னுட்டா. எம் மூஞ்சியே பாக்க மாட்றா."

"அந்த வெயில்லன்னா?"

"உன் வூட்டுக்கு வந்துட்டுப் போனேனே, அதுக்கு மறு வாரம்." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்கு நான் உங்கிட்ட கேக்கத்தாம்மா வந்தேன். அஞ்சலய மழ வர வரிக்கும் உன் வூட்ல வெச்சுக்கிறியான்னு. லச்சுமிக்கும் தொணையா இருக்குமேன்னு. எட்டு இட்லி துன்னுட்டு எப்பிடிம்மா அதயும் கேக்கறது?"

சந்திரம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். செங்கல்பட்டுக்கு எத்தனை தடவை போயிருக்கிறாள், துணி எடுக்க, வளையல் வாங்க! அப்போதெல்லாம் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு வீட்டுப் பின்கட்டில், அவள் அண்ணன் மகள் ஊரார் எச்சில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அண்ணா, அன்னிக்கு உம் பின்னாடியே நான் ஓடியாந்திருந்தா…" என்று தொடங்கினாள். "ஓடியாந்து இன்னாண்ணா விசயம்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

பொய் சொல்லலாமா என்று கருப்பன் யோசித்திருப்பான். ஆனால் அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"சொல்லியிருப்பேம்மா" என்றான். "வயலூர் ஆத்து மணல்ல ரொம்ப நேரம் குந்திகினுதான் இருந்தேன்."